“பரவாயில்லை” என்னும் பதில்

மலைநாட்டுத் தோட்டங்களில் இழுப்பு நோயால் வருந்துவோரிடம் நலம் விசாரித்துப் பாருங்கள். “பரவாயில்லை” என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கும். ஹட்டனுக்கு அருகே கொழுந்து பறித்த என் சின்னம்மாவும் அப்படித்தான் சொல்லி வந்தார். தவறாமல் பேர் விழுகிறது, கூடையும் நிறைகிறது, அப்புறம் நோய் எங்கே என்பது அவர் வாதம்.

ஒருநாள் வைத்தியர் ஒருவர், “எப்படியம்மா இருக்கிறது?” என்று கேளாமல், கடந்த நான்கு வாரங்களைப் பற்றி நான்கு கேள்விகள் கேட்டார். பகலில் வாரத்துக்கு இரு தடவைக்கு மேல் இழுப்பு வந்ததா? இரவில் அதனால் விழித்ததுண்டா? மூச்சை உடனே இலேசாக்கும் பம்ப் வாரத்தில் இரு தடவைக்கு மேல் தேவைப்பட்டதா? நோயால் ஏதேனும் வேலை தடைப்பட்டதா? நான்குக்கும் ‘இல்லை’ என்றால் நோய் அடங்கியிருக்கிறது. ஓரிரு ‘ஆம்’ இருந்தால் அரைகுறையாகவே அடங்கியிருக்கிறது. மூன்றோ நான்கோ என்றால் அடங்கவே இல்லை. பல நாட்டு வைத்தியர்களும் கையாளும் கணக்கு இது.

பின்னிரவில் எழுந்து லயத்துச் சுவரில் சாய்ந்தபடி விடியலுக்குக் காத்திருந்ததைச் சின்னம்மா நோயின் கணக்கிலே சேர்க்கவில்லை, “குளிருங்க” என்றார். செங்குத்தான மலையைத் தவிர்த்து, ரோட்டோரத்து நிரையைக் கேட்டு வாங்கிக்கொண்டதும் அவருக்கு ஒரு தடையாகத் தோன்றவில்லை. நீலப் பம்ப் நாள்தோறும் கைகொடுக்கிறது என்பதையோ பெருமையாகவே சொன்னார்! கூட்டிப் பார்த்தால் நான்கும் ‘ஆம்’.

வைத்தியர் மருந்தைக் கூட்ட அவசரப்படவில்லை. பம்பை இழுக்கும் முறையைச் செய்து காட்டச் சொன்னார். அடுப்புப் புகையைப் பற்றி விசாரித்தார். மூச்சுக்குழலின் உள்வீக்கத்தைத் தணிக்கும் தடுப்பு மருந்தைச் சின்னம்மா, சற்றுச் சுகம் கண்டதும் நிறுத்தியிருந்தது அப்போதுதான் வெளிவந்தது. எல்லாம் சிக்கனம்தான்.

தேயிலைக்கும் இந்நோய்க்கும் பழைய உறவு உண்டு. தொழிற்சாலையில் பறக்கும் பஞ்சு போன்ற தேயிலைத் தூசியால் டீமேக்கருக்கு ஆஸ்துமா உண்டாவதைப் பற்றி இலங்கை வைத்தியர் ஊரகொட 1970ஆம் ஆண்டில் எழுதினார். ஆகவே ஸ்டோரில் வேலை செய்வோரிடம் இன்னொன்றும் கேட்க வேண்டும்: லீவு நாட்களில் மூச்சு இலேசாகிறதா? விந்தை என்னவென்றால், மூச்சுக்குழலை விரிக்கும் தியோபிலினை ஜெர்மன் விஞ்ஞானி கோசல் 1888இல் பிரித்தெடுத்ததும் இதே தேயிலையிலிருந்துதான். அதற்காகத் தேத்தண்ணீரை மருந்தாக எண்ணிவிட வேண்டாம். அதில் இருப்பது அற்ப அளவே.

தடுப்பு மருந்தை ஒழுங்காக எடுத்துச் சில வாரங்கள் சென்றபின் அதே நான்கு கேள்விகள் மீண்டும் கேட்கப்பட்டன. ஒரே ஒரு ‘ஆம்’ எஞ்சியிருந்தது: மேல்மலை ஏற்றம்.