எளிமைக்கு விதி எழுதினோம்

ஆனி மாதம் வந்துவிட்டால் எங்கள் காரைக்கால் மாம்பழ மணத்தில் மூழ்கிவிடும். மாங்கனித் திருவிழாவன்று சுவாமி வீதியுலா வரும்போது மாடிகளில் நிற்பவர்கள் கனிகளை வாரி இறைப்பார்கள். கீழே நிற்பவர்கள் ஆவலோடு ஏந்திக் கொள்வார்கள். பசியோடு வந்த அடியவருக்கு, கணவர் கொடுத்தனுப்பிய கனியையே எடுத்து அளித்த புனிதவதியாரின் ஊர் அல்லவா இது! அப்படிக் கொடுக்கும்படி அவருக்கு யாரும் விதி எழுதி வைக்கவில்லை. அந்த ஊரில் பிறந்த நாங்கள் சென்ற ஆண்டு எளிமைக்கு விதி எழுதப் புகுந்து பட்ட பாட்டைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

ஒரு நாள் நன்னெறி வகுப்பில், தேவைக்கு மேல் பொருள் சேர்ப்பதைப் பற்றிப் பேச்சு வந்தது. என் புத்தகப் பையில் மட்டும் பதினொரு பேனாக்கள் இருந்தன. அவற்றுள் எழுதியவை மூன்றே. வெட்கமாகப் போயிற்று. மாலையிலேயே தோழியர் சிலர் கூடி ‘எளிமைக் குழு’ ஒன்றைத் தொடங்கினோம். செயலாளர் பொறுப்பு எனக்கு வந்தது. ஒரு மணி நேரத்தில் பத்து விதிகள் தயார்! இரண்டு பேனாவுக்கு மேல் கூடாது. வளையல், பூப்போட்ட ‘கிளிப்’ கூடாது. பிறந்த நாளுக்கு வண்ண உடை கூடாது. பழைய துணிகளை ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். மீறுபவர் பெயர் கரும்பலகையில் எழுதப்படும், ஐந்து ரூபாய் அபராதம் உண்டு. வகுப்பு முழுவதும் கை தூக்கியது. நான் பெருமிதத்தோடு வீடு திரும்பினேன்.

திருவிழா முடிந்த மறு வாரம், கடற்கரைக் கிராமத்திலிருந்து வரும் தோழி ஒருத்தி நீல நிறச் சுடிதாரில் வந்தாள். அன்று அவள் பிறந்த நாள். நான் எழுந்து சென்று அவள் பெயரைக் கரும்பலகையில் எழுதினேன். சிலர் சிரித்தார்கள். அவள் எதுவும் பேசாமல் ஐந்து ரூபாயை என் மேசை மீது வைத்தாள். உணவு இடைவேளையில் மட்டும் மெல்லச் சொன்னாள்: “எளிமையா இருக்கிறது எனக்குப் புதுசு இல்லடி. இந்தச் சுடிதார்தான் புதுசு.”

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். அவற்றை நம்பிய வீடுகளில் அடுப்பு எரிவதே பெரும்பாடு. தடை முடிந்து அவள் தந்தை கடலுக்குப் போய் வந்த முதல் வருமானத்தில் வாங்கிய உடை அது. நான்கு ஆண்டுகளில் பிறந்த நாளுக்கென்று வாங்கிய முதல் உடையும் அதுதான். இவையெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தன. அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாள் எங்கள் சிஸ்டரிடம் போய் அழுதேன். அவர் என்னைக் கடிந்து கொள்ளவில்லை. நூலகத்திலிருந்து காந்தியடிகளின் ‘சத்திய சோதனை’யை எடுத்துக் கொடுத்து, ஆசிரமம் தொடங்கிய பகுதியைப் படிக்கச் சொன்னார். 1915 மே 25 அன்று அகமதாபாத்தை அடுத்த கோச்ரப்பில் அந்த ஆசிரமம் தொடங்கியது. ஏறத்தாழ 25 பேர் இருந்தார்கள். அவர்களில் 13 பேர் தமிழர்கள் என்று படித்தபோது எனக்கு வியப்புத் தாளவில்லை. உடைமை சேர்க்காமையும் அங்கே ஒரு விரதம். ஆனால் காந்தியடிகள் எங்களைப் போல ஒரு மணி நேரத்தில் விதி எழுதி முடித்துவிடவில்லை. நகல் எழுதி, நண்பர்களுக்கு அனுப்பி, கருத்துக் கேட்டார். வங்காளத்தைச் சேர்ந்த சர் குருதாஸ் பானர்ஜி, பணிவையும் ஒரு விரதமாகச் சேர்க்கச் சொன்னார். பணிவை விரதமாக்கினால் அது பணிவாக இராதே என்று காந்தியடிகள் அஞ்சினார். இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் யோசித்தேன். எளிமையாக இருக்கிறேன் என்று கரும்பலகையில் எழுதிக் காட்டியவள் நானல்லவா!

சிஸ்டர் இன்னொன்றும் சொன்னார். அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் தம் சகோதரர்களுக்கு எழுதிய சட்டத்தை 1223ஆம் ஆண்டில் திருத்தந்தை மூன்றாம் ஹொனோரியுஸ் ஏற்று உறுதி செய்தார். எத்தனை அங்கி வைத்துக் கொள்ளலாம் என்றுகூட அதில் வரையறை உண்டு. அதே இடத்தில், மென்மையான வண்ண ஆடை அணிபவர்களை இகழவோ தீர்ப்பிடவோ கூடாது, ஒவ்வொருவரும் தம்மையே தீர்ப்பிட்டுக் கொள்ள வேண்டும் என்றும் பிரான்சிஸ் எழுதினாராம். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே அவர் கண்டுகொண்ட பள்ளத்தில்தான் நாங்கள் போய் விழுந்திருந்தோம்.

பழைய துணி விதியைத் திருத்தியவர் என் பாட்டி. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை எங்கள் கடற்கரையையும் சூறையாடியது. அடுத்த நாட்களில் பாட்டி முகாமில் துணி பிரிக்கும் வேலை செய்தாராம். “மூட்டையைப் பிரிச்சா கிழிஞ்ச சட்டையும் பொத்தான் இல்லாத கால்சட்டையுமா வரும். வாங்கிக்கிறவங்க முகத்தை என்னால பார்க்க முடியலே. தெரு ஓரத்துல எவ்வளவு துணி மழையில கிடந்துச்சு தெரியுமா? கொடுக்கிறதுன்னா, நாம உடுத்துற மாதிரி உள்ளதைக் கொடுக்கணும் கண்ணு” என்றார்.

மறுவாரம் வகுப்பில் எழுந்து, அந்தத் தோழியிடம் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டேன். ஐந்து ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன். பிறகு பத்து விதிகளையும் ஒரு நோட்டில் எழுதி ஒரு வாரம் எல்லோரிடமும் சுற்றுக்கு விட்டோம். கடைசியில் ஐந்து விதிகளே தேறின.

ஒன்று: விதி அவரவருக்கே, பிறர் பையைத் திறந்து பார்ப்பதில்லை. அபராதமும் இல்லை, கரும்பலகையும் இல்லை.

இரண்டு: புதிதாக ஒன்று வாங்குமுன், இருப்பதைத் தைத்தோ ஒட்டியோ பயன்படுத்த முடியுமா என்று மூன்று நாள் யோசிப்பது.

மூன்று: கொடுப்பதானால் துவைத்து, பொத்தான் தைத்து, “இது உங்களுக்கு உதவுமா?” என்று கேட்டுக் கொடுப்பது.

நான்கு: விழா நாளில் யாரும் யாரையும் கணக்குப் பார்ப்பதில்லை. இதை எழுதியவள் அந்த நீலச் சுடிதார்த் தோழியேதான்!

ஐந்து: பருவத் தேர்வு முடிந்ததும் விதிகளை மீண்டும் படித்துத் திருத்துவது.

இப்போது என் பையில் இரண்டு பேனாக்கள் இருக்கின்றன. பக்கத்தில் இருப்பவளிடம் எத்தனை என்று நான் எண்ணுவதில்லை. அன்புத் தோழியரே, எளிமை நல்ல அணிகலன்தான். ஆனால் அதை நாம் அணிந்து கொள்ளலாமே தவிர, பிறர் கழுத்தில் பூட்டக் கூடாது. உங்கள் வகுப்பிலும் இத்தகைய குழு ஒன்றைத் தொடங்குங்கள். தொடங்குமுன், குறைவாக வைத்திருப்பவளிடம் முதலில் கருத்துக் கேளுங்கள்.