தென்னேரிக் கரையில் ஒரு கடற்பாடம்

காஞ்சிபுரத்தின் பட்டுத் தறிகளைக் கடந்து, வாலாஜாபாத் வழியாகத் தென்னேரிக்குச் செல்பவர்களை முதலில் வரவேற்பது அங்குள்ள ஏரிதான். மாவட்டத்தின் பெரிய ஏரிகளுள் அதுவும் ஒன்று. 2021ஆம் ஆண்டு நவம்பர் மழைக்குப்பின் ஏரி ததும்பி நிற்பதாகக் கேள்வியுற்று, பதினான்கு வயதான என் தமக்கை மகனை அழைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே சென்றிருந்தேன். மறுகரை மங்கலாகத்தான் தெரிந்தது. காற்றில் எழுந்த அலைகள் கரைக்கற்களில் மோதிக்கொண்டிருந்தன. கடலையே காணாத ஒருவரிடம் இதுதான் கடல் என்றால் நம்பிவிடுவார்.

இந்த ஊரின் பெயரிலேயே ஒரு கடற்கதை ஒளிந்திருக்கிறது. 'திரையன் ஏரி' என்பதே மருவித் தென்னேரி ஆயிற்று என்பர். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனே அந்தத் திரையன், பெரும்பாணாற்றுப்படையின் தலைவன். நாகர்குலப் பெண்ணுக்குப் பிறந்த குழந்தையின் உடலில் அடையாளமாகத் தொண்டைக் கொடியைச் சுற்றிக் கடலில் விட்டனர் என்றும், திரை கொணர்ந்து சேர்த்ததால் அவன் திரையன் ஆனான் என்றும் உரையாசிரியர் நச்சினார்க்கினியர் கூறுகிறார். மணிமேகலையிலோ, பீலிவளை என்னும் நாகநாட்டு இளவரசி தன் மகனை வணிகனின் கப்பலில் அனுப்ப, அந்தக் கப்பல் உடைந்துபோகிறது. கதை எவ்வாறாயினும், கடலில் பிழைத்தவன் பெயரால் ஓர் ஏரி வழங்குவது எத்துணைப் பொருத்தம்!

இதை நான் சுவைபடச் சொல்லிக்கொண்டிருந்தபோதே அந்த விபத்து நேர்ந்தது.

லுஹருக்கு உளூச் செய்ய நீரருகே இறங்கிய பையன், பாசி படிந்த கல்லில் வழுக்கி ஆழத்தில் விழுந்துவிட்டான். அவனுக்கு நீச்சல் தெரியாது, எனக்கும் தெரியாது. கைகளை மேலே தூக்கித் தூக்கி அடித்தான். ஒவ்வொரு முறையும் தலை நீருக்குள் போயிற்று. நான் செய்ததெல்லாம் கதறியது ஒன்றே. அப்போது மாடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் ஓடிவந்து, "கையை அடிக்காதே தம்பி! மல்லாந்து படு, வானத்தைப் பாரு!" என்று குரல் கொடுத்தார். எப்படியோ அந்தச் சொல் அவன் காதில் ஏறிற்று. உடல் மிதந்தது. முதியவர் தம் கழியை நீட்டினார், அவன் பற்றிக்கொண்டான். அல்ஹம்துலில்லாஹ்!

"தண்ணி யாரையும் இழுக்கிறதில்ல பாய், பயந்துதான் முழுகுறாங்க" என்றார் அவர். அந்த ஒரு சொல் என்னைப் பல நாள் நூலகத்தில் உட்கார வைத்தது.

நெஞ்சு நிறையக் காற்றை வைத்திருக்கும் மனித உடல் பெரும்பாலும் நீரில் மிதக்கவே செய்யும். உப்புக் கடலில் இன்னும் எளிதாக மிதக்கும். கைகளை நீருக்கு மேலே தூக்கும்போது அவற்றைத் தாங்க நீர் இல்லை. அந்தப் பளுவால் முகம் நீரினுள் இறங்குகிறது. இதை நமக்கு யார் கற்பித்தார்கள்?

நம் கடற்கரையில் இபுனு பதூதா

உலகப் பயணி இபுனு பதூதா 1344ஆம் ஆண்டளவில் இலங்கையிலிருந்து கிளம்பியபோது, மஅபர் எனப்பட்ட நம் தமிழகக் கரைக்கு அருகே அவருடைய கப்பல் ஆழமற்ற நீரில் தரைதட்டியது. நிகழ்ந்ததை அவரே எழுதி வைத்திருக்கிறார். மரணம் கண்முன் நின்றது. மக்கள் ஒருவரிடம் ஒருவர் விடைபெற்றனர். ஆயினும் மாலுமிகள் சும்மா இருக்கவில்லை. பாய்மரத்தை வெட்டி வீழ்த்தினர். மரங்களைக் கட்டித் தெப்பம் செய்தனர். தெப்பத்தில் தம் தோழர் இருவரையும் பணிப்பெண் ஒருத்தியையும் முதலில் அனுப்பிவிட்டு, இபுனு பதூதா கப்பலிலேயே தங்கினார். மற்றொரு பணிப்பெண், தனக்கு நன்றாக நீந்தத் தெரியும் என்றும், தெப்பத்தின் கயிற்றைப் பற்றியபடி நீந்தி வருவதாகவும் கூறிக் கடலில் இறங்கினாள். அவர்கள் அனைவரும் கரைசேர்ந்தனர்.

இரவில் கப்பலுக்குள் நீர் நிறைந்தது. இபுனு பதூதா பின்புறத்து மேல்தளத்தில் ஏறி விடியும்வரை காத்திருந்தார். காலையில் அக்கரையின் முஸ்லிமல்லாத மக்கள் படகில் வந்து அவரை மீட்டனர். உண்ணக் கனியும் மீனும் கொடுத்தனர். பின்னர் மதுரை சுல்தான் கியாசுத்தீனுக்குச் செய்தி போயிற்று.

முறிந்த மரமும் உதவும், கயிறு உதவும், கப்பல் முழுகும்வரை கப்பலே பாதுகாப்பு. இன்றைய கடற்பாதுகாப்பு நூல்களும் இவற்றையே கூறுகின்றன. மணிமேகலையின் சாதுவனும் ஒடிந்த மரத்தைப் பற்றித்தான் நாகர் மலையை அடைந்தான். அங்கே அவன் உயிரைக் காத்தது, அவன் அறிந்திருந்த நாகர் மொழி.

கப்பலை விட்டு அவசரப்பட்டு இறங்கலாகாது என்பதற்கு 1880ஆம் ஆண்டு நிகழ்ச்சி சான்று. ஏறத்தாழ ஆயிரம் ஹஜ் பயணிகளுடன் சென்ற 'ஜித்தா' என்னும் கப்பலில் நீர் புகுந்தபோது, தலைவனும் அதிகாரிகளும் பயணிகளைக் கைவிட்டுப் படகில் தப்பினர். கப்பல் முழுகிவிட்டது என்று ஏடனில் அறிவித்தனர். ஆனால் பயணிகள் நீரை இறைத்துக்கொண்டே இருந்தனர். மற்றொரு கப்பல் அதை இழுத்துக்கொண்டு ஏடனுக்கு வந்துசேர்ந்தது!

தாகம் என்னும் பகை

நடுக்கடலில் பசியைவிடத் தாகமே விரைந்து கொல்லும். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. அத்துணை உப்பை வெளியேற்ற, குடித்ததைவிட அதிக நீரைச் சிறுநீரகம் செலவழிக்க வேண்டும். ஆகவே கடல்நீர் தாகத்தை வளர்க்குமேயன்றித் தணிக்காது. 1942ஆம் ஆண்டு தம் கப்பல் தாக்கப்பட்டு அட்லாண்டிக்கில் தத்தளித்த சீனப் பணியாளர் பூன் லிம், கித்தான் துணியை விரித்து மழைநீர் பிடித்தார்; கைவிளக்கின் கம்பியைத் தூண்டிலாக்கி மீன் பிடித்தார். 133 நாட்கள் தனியே தெப்பத்தில் வாழ்ந்து மீண்டார். அவரும் நன்றாக நீந்தத் தெரிந்தவரல்லர்; தம்மைக் கயிற்றால் தெப்பத்துடன் பிணைத்துக்கொண்டவர்.

2017ஆம் ஆண்டு ஒக்கிப் புயலில் நம் குமரி மாவட்ட மீனவர் பலரைக் கடல் கொண்டது. கவிழ்ந்த படகையும் மிதக்கும் பொருள்களையும் பற்றிக்கொண்டு பிழைத்தோரும் உண்டு. கடலில் ஆபத்து என்றால் இந்தியக் கடலோரக் காவல்படையை 1554 என்ற எண்ணில் அழைக்கலாம் என்பதை மீனவர் மட்டுமல்ல, படகில் உல்லாசம் போகும் குடும்பத்தாரும் அறிந்திருக்க வேண்டும்.

வாசக சகோதர சகோதரிகளே! ஆபத்தில் இறைவனை அழைப்பது நம் ஈமான். கயிற்றைக் கையில் பற்றுவதும் அதற்கு மாறானதன்று. மீன் வயிற்றில் பிரார்த்தித்த யூனுஸ் நபியை நம்புகிற நாம், தெப்பம் கட்டிய மாலுமிகளையும் மறக்கலாகாது.

ஊர் திரும்பியதும் தமக்கையிடம் நடந்ததைச் சொன்னேன். அழுது ஓய்ந்தபின், "இனி அவனை ஏரிப் பக்கமே விடமாட்டேன்" என்றார். "ஏரிக்கு விடாமல் இருக்கலாம் அக்கா, நீரை விட்டு எங்கே ஓடுவது?" என்றேன். ஒரு வாரத்துக்குப்பின் அவரே பையனை நீச்சல் பழக அனுப்பினார். என் மகளையும் பெண்களுக்கெனத் தனி நேரம் ஒதுக்கியிருக்கும் இடத்தில் சேர்த்தேன். கயிற்றைப் பற்றிக்கொண்டு நீந்தி வருவேன் என்ற அந்தப் பெயர் தெரியாத பெண்ணின் துணிவு, நம் வீட்டுப் பெண்மக்களுக்கும் வேண்டாமா?

நாற்பதைக் கடந்த நானும் மல்லாந்து மிதக்கக் கற்றுக்கொண்டேன். மீண்டும் தென்னேரி நிரம்பும்போது, இன்ஷா அல்லாஹ், அந்த முதியவரைத் தேடிச் சென்று சொல்ல வேண்டும்.