முதுமலையா, மெரினாவா? ஈரோட்டு வீடொன்றில் நடந்த லீவு பஞ்சாயத்து!

"யானை பார்க்கணும்னா பண்ணாரி ரோட்டுல ஒரு ரவுண்டு போனாப் போதும்ப்பா. அதுக்கு எதுக்கு நாலு நாளு?"

ஒன்பதாம் வகுப்பை முடித்த மகள்தான் பஞ்சாயத்தைத் தொடங்கி வைத்தாள். ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதும் அவளுடைய அப்பாவுக்கு இந்த மே மாதம் கிடைத்திருப்பது நான்கே நாள் லீவு. அவர் மனதில் இருப்பது முதுமலை. கடைப் பையன் ஒருவன் போய் வந்து காட்டெருமை வீடியோவைக் காட்டியதிலிருந்து அதே நினைப்பு. மகளுக்கும் நாலாவது படிக்கும் மகனுக்கும் சென்னைதான் வேண்டும். மெட்ரோ, மால், பீச் என்று லிஸ்ட்டே தயார்.

அடுத்து அப்பத்தாவிடம் கேட்டார்கள். வயசானவர்கள் அமைதியான இடத்தைத்தான் கேட்பார்கள் என்று அப்பாவுக்கு நம்பிக்கை. 70 வயது அப்பத்தா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "எனக்குக் கடல் பாக்கோணும் சாமி. பவானி கூடுதுறையத் தாண்டி பெரிய தண்ணிய நான் கண்டதே இல்ல."

மூன்று ஓட்டு சென்னைக்கு. தீர்ப்பு முடிந்தது போலத்தான் இருந்தது. அடுப்படியில் இருந்த அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை.

"குரோம்பேட்டைல அத்தை வீட்டுலயே தங்கிக்கலாம், ரூம் செலவு மிச்சம்" என்று மகன் சொன்னபோதுதான் அம்மா வெளியே வந்தார். "ஏனுங்க, அங்க போனாலும் காலைல எந்திரிச்சு பத்துப் பேருக்கு தோசை ஊத்தறது நானும் உங்க தங்கச்சியுந்தானுங்க? இங்க நம்ம அடுப்பு, அங்க அவங்க அடுப்பு. அதுக்கு நான் முதுமலைக்கே வர்றனுங்க. அங்க கேன்டீன் இருக்குமல்ல?"

வீடு ஒரு நிமிடம் அமைதியானது. 'காடா, சிட்டியா?' என்று பல வீடுகளில் நடக்கும் சண்டையில் இந்தக் கேள்வி மட்டும் எப்போதும் விட்டுப்போகும். லீவு யாருக்கு?

மே மாதத்துக் காடு

முதலில் அப்பாவின் கட்சியைப் பார்ப்போம். முதுமலை 1940-லிருந்து சரணாலயம், 2007-லிருந்து புலிகள் காப்பகம். அங்கே போகும் குடும்பங்களின் முதல் ஸ்டாப் தெப்பக்காடு யானைகள் முகாம். 2023-ல் ஆஸ்கர் வாங்கிய 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' ஆவணக் குறும்படத்தில் பொம்மனும் பெள்ளியும் ரகு, அம்மு என்ற குட்டிகளை வளர்த்தது இந்த முகாமில்தான். ராகி, கொள்ளு, சாதத்தோடு வெல்லமும் சேர்த்துப் பெரிய உருண்டையாகப் பிடித்து, பாகன்கள் யானையின் வாயிலேயே வைப்பார்கள். காலையும் மாலையும் நடக்கும் இந்தச் சாப்பாட்டு நேரம் குழந்தைகளுக்கு நிச்சயம் பிடிக்கும்.

முகாம் யானைகளைத் தவிர மற்ற எதற்கும் அங்கே உத்தரவாதம் கிடையாது. வனத்துறை வண்டியில் சுமார் ஒரு மணி நேரம் சவாரி. புள்ளிமான், மயில், மந்தி கண்ணில் படும். அதிர்ஷ்டம் இருந்தால் காட்டெருமையும் காட்டு யானையும் வரும். புலியை நினைத்துக்கொண்டு போனால் திரும்பும்போது பெரும்பாலும் முகம் தொங்கிவிடும். காட்டில் பரவிக் கிடக்கும் உண்ணிச்செடிப் புதர் வேறு பாதையோரத்தை மறைத்து நிற்கும். யானைக்கும் மானுக்கும் வேண்டிய புல்லை விரட்டிவிட்டு இடத்தைப் பிடித்துக்கொண்ட வெளிநாட்டுச் செடி அது.

பருவத்தையும் பார்க்க வேண்டும். மசினகுடிப் பக்கம் மழை மறைவுப் பகுதி. பிப்ரவரி, மார்ச்சில் மரங்கள் இலையை உதிர்த்துவிட்டு நிற்கும், காட்டுத்தீ பயமும் உண்டு. கோடை மழை நன்றாகப் பெய்திருந்தால் மே மாதத்தில் காடு துளிர்த்திருக்கும். ஏமாற்றியிருந்தால் பார்க்கும் இடமெல்லாம் பழுப்புதான்.

போகும் வழி அதைவிடச் சிக்கல். ஈரோட்டிலிருந்து மேட்டுப்பாளையம் போய், ஊட்டி ஏறி, கூடலூர் இறங்கி தெப்பக்காடு சேர ஒரு பகல் முழுக்கப் போய்விடும். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழி கிட்டம்தான், ஆனால் 36 கொண்டை ஊசி வளைவுகள். வெளியூர் வண்டிகள் அந்த வழியில் இறங்கக் கட்டுப்பாடும் உண்டு. காரில் போனால் இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதம் வந்த ஏற்பாடு அது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பும் வைத்தார்கள். அரசு பஸ்ஸில் போனால் பாஸ் தேவையில்லை. ஆனால் முழங்கால் வலியுள்ள அப்பத்தாவை மூன்று பஸ் மாற்றி ஏற்றி இறக்க வேண்டும். இரண்டு நாள் பயணத்துக்கே போனால், காட்டுக்கு மிஞ்சுவது இரண்டு நாள்.

இருட்டிய பிறகு வெளியே நடமாட முடியாது. அதையொட்டிய பந்திப்பூர் சாலையில் 2009-லிருந்தே இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை. ராத்திரிக் காடு விலங்குகளுக்கு உரியது, அவ்வளவுதான். போன் சிக்னலும் பல இடங்களில் தேடினால்தான் கிடைக்கும். அப்பா சொல்லும் அமைதி இதுதான். அம்மாவுக்கு அது சொர்க்கம். கையில் போனோடு உட்கார்ந்திருக்கும் மகளுக்கு இரண்டாவது நாளே காய்ச்சல் வந்துவிடும்!

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2021 ஜனவரியில் மசினகுடியில், தங்கும் விடுதிப் பக்கம் வந்த காட்டு யானை ஒன்றின் மீது எரியும் டயரை வீசினார்கள். காதும் தலையும் வெந்து அந்த யானை செத்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2020 அக்டோபரில்தான் அந்தப் பகுதி யானை வழித்தடத்தை உச்ச நீதிமன்றம் உறுதி செய்து தீர்ப்பளித்திருந்தது. லீவுக்கு வருகிறவர்களை நம்பித்தான் அங்கே கட்டடங்கள் முளைத்தன. எனவே காட்டுக்குப் போகிறவர்கள் 'ரூம் எங்கே இருக்கிறது?' என்று விசாரிப்பது வெறும் வாடகை விஷயம் கிடையாது. தெப்பக்காட்டில் வனத்துறையின் தங்கும் அறைகளே உண்டு, ஆன்லைனில் பதிவு செய்யலாம். சீசனில் கிடைப்பதுதான் கஷ்டம்.

ராத்திரி ஏறினால் விடியும் முன் சென்னை

சென்னைக்கு ஈரோட்டிலிருந்து ஏற்காடு எக்ஸ்பிரஸ் இருக்கிறது. ராத்திரி ஏறிப் படுத்தால் விடிவதற்குள் சென்ட்ரல். ஒரு பகலும் வீணாகாது. சென்ட்ரலுக்குக் கீழேயே மெட்ரோ. மகனின் முதல் ஆசை ரயிலை விட்டு இறங்கிய கொஞ்ச நேரத்திலேயே நிறைவேறிவிடும்.

அப்பத்தாவின் கடல்? மெரினாவில் ரோட்டிலிருந்து அலை வரை மணலில் நடப்பது நல்ல காலுக்கே வேலை. ஆனால் மாற்றுத்திறனாளிகளும் முதியவர்களும் தண்ணீருக்குப் பக்கத்திலேயே போகும்படி, விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே 2022 நவம்பரில் ஒரு மரப்பாதை திறந்தார்கள். திறந்த சில நாளிலேயே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தி, பிறகு சரிசெய்தார்கள். காலை ஆறு மணிக்கு அங்கே போய்விட்டால் வெயிலும் இருக்காது, கூட்டமும் குறைவு. கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மெரினாவில் இறங்கிக் குளிப்பது ஆபத்து.

மே மாதச் சென்னை சும்மா விடாது. அக்னி நட்சத்திரம் நடக்கும் நேரம். மதியத்துக்கு மேல் கடல்காற்று உள்ளே வந்தால் பிழைத்தோம், அது தாமதமாகும் நாளில் ரோடே கொதிக்கும். பத்து மணிக்கு மேல் கூரைக்குக் கீழே இருப்பதுதான் புத்திசாலித்தனம். எழும்பூர் அருங்காட்சியகம் அதற்குச் சரியான இடம். 1851-ல் தொடங்கியது. அங்கேயிருக்கும் சோழர் கால நடராஜர் செப்புச் சிலைகளைப் பார்க்கவே ஒரு மதியம் போதாது. வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மறந்துவிட்டு வாசல் வரை போய்த் திரும்புகிறவர்கள் அதிகம்!

செலவுக் கணக்கு போடும் அப்பாக்களுக்கு ஒரு விஷயம். 2021-லிருந்து சாதாரணக் கட்டண மாநகரப் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. இந்த வீட்டில் ஐந்து பேரில் மூன்று பேர் சிட்டி முழுக்க இலவசமாகச் சுற்றலாம்.

அப்பாவுக்கும் ஒரு பங்கு வேண்டுமே? சிட்டிக்கு நடுவிலேயே கிண்டி தேசியப் பூங்கா இருக்கிறது. மொத்தம் 2.7 சதுர கிலோமீட்டர். நாட்டின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களில் ஒன்று. வெளிமானும் புள்ளிமானும் அதற்குள்ளே மேய, மதிலுக்கு வெளியே பஸ் ஹாரன் அடிக்கும். மக்கள் போகக்கூடியது அங்குள்ள சிறுவர் பூங்காவுக்கு. செவ்வாய்க்கிழமை போகக் கூடாது, மூடியிருக்கும். முதுமலைக்கு இது ஈடாகுமா என்று கேட்டால், ஆகாது. அப்பாவிடம் அப்படிச் சொல்லி ஏமாற்றவும் வேண்டாம்.

ரூம் போட்ட மகள்

இந்த நான்கு நாளுக்கு, இந்த ஐந்து பேருக்கு, சென்னைதான் சரி. ஆனால் அத்தை வீடு வேண்டாம். இந்த முடிவுக்கு வீடு வந்து சேர இரண்டு நாள் ஆனது. "சொந்தக்காரங்க வீடு இருக்கும்போது லாட்ஜுல தங்கினா தங்கச்சி என்ன நினைப்பா?" என்று அப்பா தயங்கினார். எழும்பூர் பக்கம் லிஃப்ட் இருக்கும் லாட்ஜாகப் பார்த்து, ஐந்து பேர் தங்கும் ரூமைப் போனில் தேடி எடுத்தது மகள்தான். அத்தைக்குப் போன் போட்டதும் அவளே. "ஒரு நாள் மதியம் நீங்க எல்லாரும் எங்ககூட ஹோட்டலுக்கு வந்துருங்க அத்தை. நீங்களும் சமைக்க வேண்டாம்." மறுமுனையில் கோபம் வரும் என்று எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். அத்தைக்கோ ஒரே சிரிப்பு.

முதுமலை பொங்கல் லீவுக்குத் தள்ளிப்போயிருக்கிறது. மழை முடிந்து, காடு காய்வதற்கு முன் போய்விடலாம். தெப்பக்காட்டு அறைக்கு எப்போது பதிவு செய்ய வேண்டும் என்று அப்பா இப்போதே காலண்டரில் வட்டம் போட்டுவிட்டார். அந்தப் பயணத்துக்கு அப்பத்தா வருவாரா என்பது முழங்காலைப் பொறுத்தது.

ஏற்காடு எக்ஸ்பிரஸில் மூன்று டிக்கெட் உறுதியாகிவிட்டது, இரண்டு வெயிட்டிங் லிஸ்ட். கிளம்ப இன்னும் ஒரு வாரம் இருக்கையில் அப்பத்தா, "அம்மிணி, நாலு நாளைக்குத் தாங்கற மாதிரி புளிச்சோறு கட்டிப்போடலாமா?" என்று மருமகளைக் கேட்டார்.

"ரயிலுக்கு ஒரு நேரத்துக்கு மட்டும் கட்டறனுங்க அத்தை" என்றார் அம்மா. "அதுக்கப்புறம் ஹோட்டல்தானுங்க."