தண்ணீர் வரும் வரை புழுதி

திருச்செங்கோடு என்றதும் அர்த்தநாரீஸ்வரர் கோவில் நினைவுக்கு வரும். அடுத்தது ரிக் வண்டி. இந்த ஊர்க்காரர்களின் போர்வெல் வண்டிகள் போகாத மாநிலம் குறைவு. ஆப்பிரிக்கா வரைக்கும் போயிருக்கின்றன.

போர் போடும் இடத்தைப் பார்த்திருப்பீர்கள். தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி வேலை ஆரம்பிக்கும். கம்ப்ரசர் காற்று ராடு வழியாக இறங்கி அடியிலுள்ள ஹேமரை இயக்கும். உடைந்த பாறைத்தூளை அதே காற்றுதான் மேலே தள்ளும். வெள்ளை வெளேரென்று புழுதி எழும்பும். வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளிப் போய் நின்றுவிடுவார். ராடு மாற்றுகிறவர் எங்கே போவார்?

சேலம், நாமக்கல் பக்கத்துப் பாறைகள் பலவற்றில் குவார்ட்ஸ் உண்டு. அதாவது சிலிகா. கண்ணுக்குத் தெரிகிற தூள் பெரும்பாலும் மூக்கு, தொண்டையோடு நின்றுவிடும். தெரியாத தூள்தான் ஆபத்து. 5 மைக்ரானுக்கும் சிறிய துகள், நுரையீரலின் காற்றுப்பை வரை போகிறது. அதை விழுங்கும் செல்கள் செரிக்க முடியாமல் சாகின்றன. அந்த இடம் தழும்பாகிறது. இதுதான் சிலிகோசிஸ். குணப்படுத்த மருந்து கிடையாது. வேலையை விட்ட பிறகும் நோய் வளரலாம். காசநோயும் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும். இருமல், மூச்சிரைப்பு, எடை குறைவு எல்லாமே டி.பி. மாதிரி இருப்பதால், "என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்காத டாக்டருக்கு இது பிடிபடாது.

1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம் சிலிகோசிஸை மருத்துவர்கள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களில் சேர்த்தது. சரி, இன்று ஆந்திரா, நாளை மத்தியப் பிரதேசம் என்று ஓடும் வண்டியில் வேலை பார்ப்பவரின் நோயை எந்த ஊரில், யார் கணக்கெடுப்பது?

தீர்வு புதிதல்ல. காற்றோடு கொஞ்சம் தண்ணீரையும் செலுத்தினால் தூள் சேறாக வரும். அமெரிக்காவில் ஹாக்ஸ் நெஸ்ட் சுரங்கப்பாதையை 1930களின் தொடக்கத்தில் தண்ணீர் விடாமலே துளைத்தார்கள். நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் சிலிகோசிஸில் செத்துப்போனார்கள்.

நிலத்தடி நீர் 500 அடி, 1000 அடி என்று கீழே போகப் போக, புழுதியில் நிற்கும் நேரமும் கூடிக்கொண்டே போகிறது. தலையில் கட்டும் துண்டு இதைத் தடுக்காது. அடுத்த முறை உங்கள் தெருவுக்கு ரிக் வண்டி வந்தால், அடிக்கு எவ்வளவு என்று கேட்பதோடு, தண்ணீர் விட்டுத் துளைப்பீர்களா, ஆட்களுக்கு நல்ல முகக்கவசம் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

தண்ணீர் வந்ததும் புழுதி அடங்கும். வீட்டுக்காரர் சிரிப்பார். ராடு மாற்றுகிறவர் அப்போதுதான் நிம்மதியாக மூச்சு விடுவார்.