இறுக்கிக் கட்டும்மா

1/ ராஜபாளையத்துல இருக்கற அம்மாவுக்கு ப்ளூடூத் பிபி மெஷின் வாங்கிக் கொடுத்தேன். அவங்க போன் வழியா ரீடிங் ஸ்ரீவில்லிபுத்தூர்ல டூட்டியில இருக்கற எனக்கு வரணும்னு நானே ஒரு ஆப் எழுதினேன். அதுல நான் விட்ட தப்பைச் சொல்றேன். கோடு எழுதாதவங்க 8-ஐயாவது படிச்சிடுங்க.

2/ மெஷின் "132/84"னு எழுதி அனுப்பாது. பைட் வரிசையாத்தான் அனுப்பும். முதல் பைட் ஃப்ளாக்: அழுத்தம் எந்த அலகுல இருக்கு, நேரம் இருக்கா, துடிப்பு இருக்கா, ஒவ்வொண்ணுக்கும் ஒரு பிட். அப்புறம் சிஸ்டாலிக், டயஸ்டாலிக், சராசரி அழுத்தம், தலா 16 பிட். அதுல மேல் 4 பிட் பத்தின் அடுக்கு, மீதி 12 பிட் எண்.

3/ கடைசி 2 பைட் ஸ்டேட்டஸ். பிட் 0: உடம்பு அசைஞ்சுது. பிட் 1: கஃப் லூஸ். பிட் 2: துடிப்பு சீரா இல்ல. எண்ணிக்கை பூஜ்யத்துல ஆரம்பிக்குது. நான் ஒண்ணுல ஆரம்பிச்சுட்டேன்.

4/ துடிப்பு சீரில்லன்னு மெஷின் சொன்னதை என் ஆப் "கஃப் லூஸ்"னு காட்டுச்சு. "இறுக்கிக் கட்டும்மா"ன்னு நாலு நாள் போன்ல சத்தம் போட்டேன். பாவம், அவங்களும் கை வலிக்கக் கட்டினாங்க.

5/ ஞாயித்துக்கிழமை பஸ் ஏறிப் போய் கையைப் பிடிச்சுப் பார்த்தேன். நாடி தாறுமாறா ஓடுது. இசிஜில ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதயத்துக்குள்ள ரத்தம் உறைஞ்சு, அந்தக் கட்டி மூளைக்குப் போனா பக்கவாதம். உறையாம இருக்க மாத்திரை ஆரம்பிச்சாச்சு. இப்ப நல்லா இருக்காங்க.

6/ டெஸ்ட் பண்ணலையான்னு கேப்பீங்க. பண்ணேன். போலி ரீடிங்கை நானே பைட்டுக்குள்ள அடைச்சு, நானே பிரிச்சேன். ரெண்டுலயும் ஒரே தப்பு, அதனால பாஸ்.

7/ இப்ப ஷிஃப்ட், மாஸ்க் எதையும் கையால எழுதறதில்ல. ஒரே அட்டவணை: பெயர், தொடங்கற பிட், எத்தனை பிட். அடைக்கற கோடு, பிரிக்கற கோடு ரெண்டையும் அதுலேர்ந்து ஒரு சின்ன ஸ்கிரிப்ட் உருவாக்கும். ஆனா அட்டவணை தப்புன்னா ரெண்டும் சேர்ந்தே பொய் சொல்லும். அதனால ப்ளூடூத் ஆவணத்தைப் பார்த்துத் தனியா எழுதின பைட்டோட ஒப்பிடறேன். ஸ்டேட்டஸ் 04 00 வந்தா "துடிப்பு சீரில்ல"ன்னு மட்டும்தான் வரணும்.

8/ உங்க பிபி மெஷின்ல துடிப்பு சீரில்லங்கற அடையாளம் திரும்பத் திரும்ப வந்தா, பிரஷர் நம்பர் நல்லாத்தானே இருக்குன்னு விட்டுடாதீங்க. ஒரு இசிஜி எடுத்துப் பாருங்க. பக்கத்துல இருக்கறவங்க நாடியை ஒரு தடவை கையால தொட்டும் பாருங்க.