சாவா மூவாச் சுவடிகள்

திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் இடையில், பெரிய சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது மேல்சித்தாமூர். தமிழ்ச் சமணர்களின் தலைமை மடமான ஜினகாஞ்சி மடம் இங்கேதான். பக்கத்துச் செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. மராட்டியக் கோட்டைகள் என்று சேர்க்கப்பட்ட 12 இடங்களில் தமிழ்நாட்டில் உள்ளது இது ஒன்றே. இனி கோட்டைக்குப் பலகை வரும், பாதை வரும், பணமும் வரும். மடத்தின் ஓலைச்சுவடிகளும், சுற்றுவட்டாரத்து நயினார் என்னும் சமணக் குடும்பங்கள் பெட்டியிலும் பரணிலும் வைத்திருக்கும் ஏடுகளும் அப்படிக் கண்ணில் படுகிறவை அல்ல. ஆனாலும் சுவடிக்கு யாரும் பணமே தருவதில்லை என்று புலம்ப நான் வரவில்லை. பணம் வருகிறது, படம் எடுப்பதற்கு. ஓலையைப் பேணும் கைக்குத்தான் வருவதில்லை. அந்தக் கைக்கு ஆண்டு தவறாமல் கூலி கொடுக்கும் நிதியே உண்மையான பாதுகாப்பு நிதி என்பது என் கட்சி.

அந்தக் கை என்ன செய்கிறது என்பதை அருகில் போய்ப் பார்த்தால் இது விளங்கும். சுவடிக் கட்டை அவிழ்த்து, மேலும் கீழுமுள்ள மரச்சட்டங்களை எடுத்து வைத்துவிட்டு, முதல் ஏட்டின் தூசியை மெல்லிய தூரிகையால் தட்டுகிறார்கள். பிறகு பஞ்சில் எலுமிச்சைப்புல் எண்ணெயைத் தொட்டு, ஓலையின் நரம்பு ஓடும் திசையிலேயே நீளவாக்கில் தடவுகிறார்கள். குறுக்கே இழுத்தால் ஓலை பிளந்துவிடும். எழுத்தாணி கீறிய தடம் மங்கிப்போயிருந்தால் விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்துப் பூசித் துடைக்கிறார்கள். மேற்பரப்பில் பட்ட கரி துணியோடு வந்துவிடும், பள்ளத்தில் இறங்கியது எழுத்தாக நிற்கும். ஒட்டிக்கொண்ட ஏடுகளைப் பிரிக்க அவசரப்படக் கூடாது. கடைசியில் கட்டை இறுக்கிக் கட்ட வேண்டும். தளர்ந்த கட்டில் ஓலை வளையும், வளைந்த ஓலை ஒடியும். இராமபாணப் பூச்சி வராமலிருக்க வசம்பு வைப்பது வீட்டுப் பெரியவர்களுக்கே தெரிந்த வைத்தியம். இதில் விலையுயர்ந்த பொருள் ஒன்றுகூட இல்லை. செலவெல்லாம் பொறுமையான ஆளுக்குத்தான். ஒருமுறை செய்துவிட்டால் தீர்ந்துபோகிற வேலையும் அல்ல, எண்ணெய் உலரும், மழைக்காலம் திரும்ப வரும். சமணர்கள் சுருத பஞ்சமியிலும் மற்றவர்கள் சரசுவதி பூசையிலும் ஏட்டை வெளியே எடுத்து வணங்குவதில் இந்த ஆண்டுப் பராமரிப்பும் அடங்கியிருந்தது.

இன்றைய நிதி வேறு கணக்கில் ஓடுகிறது. தேசியச் சுவடி இயக்கம் 2003இல் தொடங்கியது. 2025-26 மத்திய பட்ஜெட்டில் அதற்கான ஒதுக்கீடு 3.5 கோடி ரூபாயிலிருந்து 60 கோடியாக உயர்ந்தது, ‘ஞான பாரதம்’ என்ற புதுப் பெயரும் வந்தது. லண்டன் பிரிட்டிஷ் நூலகம் 2004 முதல் நடத்தும் அழிநிலை ஆவணத் திட்டம் மூல ஏட்டை அதன் நாட்டிலேயே விட்டுவிட்டுப் படிமத்தை உலகுக்குத் திறந்து வைக்கிறது. இரண்டும் நல்ல முயற்சிகளே. ஆனால் திட்டத்துக்குக் காலக்கெடு உண்டு, கணக்குக் காட்டப் படங்களின் எண்ணிக்கை உண்டு. படம் எடுத்தாகிவிட்டது, இனி ஓலை போனால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. அவர்களுக்கு 2023 அக்டோபரே பதில். அந்த மாதம் பிரிட்டிஷ் நூலகம் இணையத் தாக்குதலுக்கு உள்ளாகி, அதன் மின்படிமங்கள் பல மாதங்கள் எவர் கைக்கும் எட்டாமல் போயின. படத்தைப் படிப்பதற்கும் ஆள் வேண்டும். சமண நூலான ஸ்ரீபுராணம் வடமொழியும் தமிழும் கலந்த மணிப்பிரவாளத்தில் ஆனது. அதன் ஏட்டில் கிரந்தமும் தமிழும் கலந்து வரும். இரண்டும் அறிந்தவர் இல்லாவிட்டால் படமும் வெறும் கோடுதான்.

எல்லாவற்றையும் சென்னைக்குக் கொண்டுபோய்க் குளிர்சாதன அறையில் வைத்துவிடலாமே என்பது அடுத்த கேள்வி. கவனிக்க ஆளில்லாத வீட்டு ஏடுகளுக்கு அது சரி. 1869இல் தோன்றிய அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் அப்படிப் பல்லாயிரம் சுவடிகளைக் காத்திருக்கிறது. வழிபாட்டில் இருக்கும் மடத்து ஏட்டை அப்படிக் கேட்க முடியாது, கேட்டாலும் தரமாட்டார்கள், அது நியாயமும்கூட. அதே குளிர்சாதன எந்திரத்தை ஊருக்குக் கொண்டுவருவதும் தீர்வல்ல. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலில் இதே வட்டாரத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் மின்சாரத்தை நம்ப முடியாது. குளிரும் ஈரமும் மாறி மாறித் தாக்கினால் சீரான காற்றோட்டத்தில் இருந்த ஓலையைவிட வேகமாக அந்த ஓலை வெடிக்கும். தரையிலிருந்து உயர்ந்த மர அலமாரி, ஒழுகாத கூரை, வாரம் ஒருமுறை திறந்து பார்க்கும் கண் ஆகிய மூன்றும் இங்கே அதைவிட மலிவு, அதைவிட உறுதி.

முடிவில்லாத சம்பளத்தை எந்த நிதியம் தரும் என்பதுதான் கடினமான கேள்வி. கலை, இலக்கிய, வரலாற்று ஆய்வுகளுக்கான அமெரிக்க அரசு நிதியமான என்.இ.எச். சேகரிப்புகளை நீடித்துக் காப்பதற்கென்றே தனித் திட்டம் வைத்திருந்தது. 2025 ஏப்ரலில் அந்த நிதியம் தான் கொடுத்திருந்த மானியங்களில் பெரும்பகுதியை நிறுத்திவிட்டது. ஆண்டுக்காண்டு கையேந்தும் ஏற்பாடு எங்கும் நிலைக்காது என்பதற்கு இதுவே சாட்சி. நிலைக்கும் ஏற்பாடு விழுப்புரம் மாவட்டத்துக் கல்லிலேயே இருக்கிறது. எண்ணாயிரத்தில் முதலாம் இராசேந்திர சோழன் காலக் கல்வெட்டு 340 மாணவர்களுக்கும் 14 ஆசிரியர்களுக்கும் ஆளுக்கு இவ்வளவு நெல் என்று அளந்து சொல்லி, அதற்கு நிலத்தை முதலாக எழுதி வைத்திருக்கிறது. கோயில் விளக்குக்கு ஆடு விட்டவர்கள் அதைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்றார்கள். மந்தை குறையக் கூடாது, நெய் மட்டும் வந்துகொண்டிருக்க வேண்டும். சுவடிக்கும் அப்படியொரு வைப்புநிதி போதும். மேல்சித்தாமூரையும் சுற்றியுள்ள ஊர்களையும் முறைவைத்துப் பார்க்க, எண்ணெய் இடவும் கிரந்தம் படிக்கவும் தெரிந்த இருவருக்கு அதன் வட்டியிலிருந்து மாதச் சம்பளம். பயிற்றுவிக்க மயிலத்தில் தமிழ்க் கல்லூரி இருக்கிறது. ஞான பாரதத்துக்கான நிதியில் ஒரு பங்கை அரசு இப்படி முதலாகப் போட்டு வைக்கட்டும். கொடையாளர்களும் அடுத்த ஸ்கேனர் வாங்கித் தருமுன், அந்த ஏட்டுக்கு அடுத்த ஆண்டு எண்ணெய் இடப்போவது யார் என்று ஒருமுறை கேட்கட்டும்.