மூன்றாவது மாடியும் ஒரு டிரம்மரும்

மலைவாசஸ்தலத்து ஓட்டல் ஒன்றின் படிகளில், இரவு நேரத்தில், ஒரு பெண் பதைபதைத்து ஓடுகிறாள். மூன்றாவது மாடியிலிருந்து விழுந்து சாகிறாள். இப்படித்தான் தொடங்குகிறது 1966இல் வெளிவந்த 'தீஸ்ரி மன்ஸில்'. ஆனால் அந்த இந்திப் படத்தைப் பற்றி யாரிடம் கேட்டாலும் அவர்களுக்கு நினைவிருப்பது சாவு அல்ல, குதூகலம். ரயிலில் நடக்கும் கிண்டல், கிளப் ஆட்டம், ஆர்.டி.பர்மனின் பாட்டுகள்.

இறந்தவளின் தங்கை சுனிதா (ஆஷா பரேக்) மசூரிக்கு வருகிறாள். அக்காவின் சாவுக்குக் காரணம் ராக்கி என்ற டிரம்மர்தான் என்று நம்புகிறாள். அவனைப் பழிவாங்கியே தீர வேண்டும். வழியில் அனில் என்ற இளைஞனோடு சண்டை, சண்டை காதலாகிறது. அந்த அனில்தான் ராக்கி (ஷம்மி கபூர்). கொலையாளி யார் என்பதை, இனிமேல் பார்க்கப்போகிறவர்களுக்காக, இங்கே எழுதவில்லை. எழுதினாலும் பெரிய நஷ்டமில்லை. தான் நேசிப்பவனை அவள் நம்பலாமா என்ற கேள்விதான் படத்தை இழுத்துச் செல்கிறது. நாயகனின் சிரிப்பு நமக்கு நிஜமாகப் பட வேண்டும். அதே சிரிப்பின் மேல் சந்தேகமும் வர வேண்டும். சிரிப்பு பொய்த்தால் காதலும் போச்சு, மர்மமும் போச்சு.

அந்தச் சிரிப்பைப் படமாக்கிய கதை, திரையில் வரும் கதையைவிடக் கனமானது.

தயாரிப்பாளர் நஸீர் ஹுசேன் முதலில் மனதில் வைத்திருந்த நாயகன் தேவ் ஆனந்த். இருவருக்கும் மனஸ்தாபம் வந்தது. தேவ் ஆனந்த் விலகினார், ஷம்மி கபூர் வந்தார். இந்தப் படத்தைத் தானே டைரக்ட் செய்வதாக இருந்த நஸீர் ஹுசேன் 'பஹாரோன் கே சப்னே'யை எடுத்துக்கொண்டார். அதற்கென வைத்திருந்த விஜய் ஆனந்த் (தேவின் தம்பி) இங்கே வந்தார். ஷம்மி கபூர் விரும்பிய இசையமைப்பாளர்கள் சங்கர்-ஜெய்கிஷன். பர்மனின் மெட்டுகளைக் கேட்ட பிறகுதான் சம்மதித்தார். அதில் ஒரு மெட்டு நேபாள நாட்டுப்பாடலிலிருந்து பிறந்தது என்பதை உடனே கண்டுபிடித்துவிட்டாராம்.

படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோது, 1965 ஜனவரி 21 அன்று, ஷம்மியின் மனைவி கீதா பாலி இறந்தார். அவரும் பெரிய நடிகைதான். பஞ்சாபில், ராஜிந்தர் சிங் பேடியின் நாவலைப் படமாக்கும் வேலையில் இருந்தபோது பெரியம்மை கண்டது. 1955இல் பம்பாய் பாணகங்கா கோயிலில் நடந்த திருமணத்தில் குங்குமத்துக்குப் பதில் லிப்ஸ்டிக்கால் வகிட்டில் பொட்டிடச் சொன்னவர் அவர். விட்டுச்சென்றது இரண்டு சிறு குழந்தைகளை. இன்னும் பத்து வருடம் கடந்திருந்தால் அந்த நோயே இருந்திருக்காது. 1975 மே மாதத்துக்குப் பிறகு இந்தியாவில் யாருக்கும் பெரியம்மை வரவில்லை.

'தீஸ்ரி மன்ஸில்' நின்றது. சில மாதங்கள் கழித்து ஷம்மி கபூர் செட்டுக்குத் திரும்பினார். அப்போது எடுத்தது, முகமது ரஃபி பாடிய அந்த மேடைப் பாட்டு. காதலியின் கனிவான பார்வை தன்மேல் விழுந்ததற்கு நெகிழ்ந்து நன்றி சொல்லும் பாட்டு.

இந்த விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்தப் பாட்டை என்னால் சாதாரணமாகப் பார்க்க முடிவதில்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

1980களில் பம்பாயில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். மாலையில் மெல்லிசைக் குழு ஒன்றில் டிரம்ஸ் வாசிப்பேன். செம்பூர், மாதுங்கா கல்யாண ரிசப்ஷன்களில் இளையராஜா பாட்டுகளுக்கு நடுவே யாராவது ஒருவர் 'தீஸ்ரி மன்ஸில்' கேட்பார். 1987இல் ஊரில் என் அண்ணன் இறந்தார். எனக்கு முதல் ஜோடி டிரம்ஸ் குச்சி வாங்க மணியார்டர் அனுப்பியவர் அவர். காரியம் முடித்துத் திரும்பிய மூன்றாம் நாள் ஒரு ரிசப்ஷன். முன்பணம் வாங்கியாயிற்று. மாற்று டிரம்மர் கிடைக்கவில்லை. குழுவில் இருந்த மற்ற ஏழு பேரில் நாலு பேருக்கு அந்த வருமானம்தான் சாப்பாடு. போனேன்.

அன்று ஒரு இடத்திலும் தாளம் தப்பவில்லை. அதுதான் என்னை உறுத்தியது. துக்கத்தில் இருப்பவன் கை இப்படி ஓடுமா? அடுத்த முறை ஊருக்குப் போனபோது அம்மாவிடம் சொன்னேன். "உங்கண்ணன் இருந்திருந்தா போய் வாசிச்சிட்டு வாடான்னுதான் சொல்லியிருப்பான்" என்றார். சமாதானமாகவில்லை.

டிரம்மருக்கு ஒரு சலுகை உண்டு. பாடகர்களுக்குப் பின்னால், கடைசி வரிசையில் இருப்பான். அவன் முகத்தை யாரும் கவனிப்பதில்லை. ஷம்மி கபூருக்கு அந்தச் சலுகைகூட இல்லை. அவருக்கு வேடம்தான் டிரம்மர். வாசித்தது வேறு கைகள். அவருடைய வேலை முழுக்க முகத்தில். ஒரு படம் நின்றால் முடங்குவது நட்சத்திரம் மட்டுமல்ல. தயாரிப்பாளரின் வட்டி ஏறும், லைட் பாய்களுக்குக் கூலி நிற்கும். ஒருவர் சிரித்துத்தான் ஆக வேண்டும் என்று ஒரு கூட்டமே காத்திருக்கும்.

அந்தப் பாட்டில் துக்கத்தின் சுவடு எங்காவது தெரிகிறதா என்று பலமுறை தேடியிருக்கிறேன். அகப்படவில்லை. கண்களில் நெகிழ்ச்சி இருக்கிறது. அது ராக்கியுடையதா ஷம்மியுடையதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. தன்னைப் பார்க்கும் ஒருத்திக்கு நன்றி சொல்லும் மனிதன் மட்டும் தெரிகிறான். சுனிதா அவனை நம்புகிறாள், நாமும் நம்புகிறோம். படம் பிழைத்தது அதனால்தான்.

கீதா பாலியின் படம் முடியவே இல்லை. அவர் கணவரின் படம் முடிந்து, பெரும் வெற்றி பெற்றது. ஷம்மி கபூர் 2011இல் காலமானார். கை ஓடியதால் துக்கம் பொய்யாகிவிடாது என்று எனக்குப் புரிய வைத்தவர் அவர்தான்.